எமனுக்கும் எம்பிக்கும் நடுவில்

அகராதி ஆபீசில் எனக்கு எகர வரிசை.
சேப்பாக்கம், இரண்டாம் மாடி, கடலைப் பார்த்த ஜன்னல்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆடி மாசக் காற்று.
சீட்டுகளை அடுக்கிக்கொண்டே வந்தபோது
எமனுக்கும் எம்பிக்கும் நடுவில்
ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

எண்ணிப் பார்த்தாயிற்று. எதுவும் குறையவில்லை.
மேசைக்கு அடியில் குனிந்தும் பார்த்தாயிற்று.
பிறக்காத சொல் ஒன்று
பாரிமுனை டிராமில் துண்டு போட்டதுபோல்
இடம் பிடித்து வைத்திருக்கிறது.

எம்பி: என் தம்பி. பழைய வழக்கு.
எமனுக்கு விளக்கம் தேவையில்லை, ஆனாலும் ஆறு வரி.

மத்தியானம் துறைமுகப் பதிவேடு ஒன்று வந்தது,
கப்பல் சொற்களைப் பொறுக்குவதற்காக.
பதினாலாம் வருஷம், செப்டம்பர், இருட்டிய பிறகு வந்த கப்பல்.
ஜெர்மன் கொடி. பெயர் எம்டன்.
வருகையின் நோக்கம்: மரியாதை நிமித்தம்.
ஏற்றியது: நிலக்கரி, எலுமிச்சம்பழம், முட்டை நாலாயிரம்.
பாக்கி: பன்னிரண்டு ரூபாய் ஆறணா,
சலவைக்காரி சின்னப்பொண்ணுக்கு.
ஓரத்தில் சிவப்பு மையில்: நினைவூட்டுக் கடிதம் மூன்று.

எம்டன்.
எழுத்துக் கணக்குப்படி சரியாக அந்த இடைவெளியில் உட்காரும்.
ஆனால் ஊர்ப்பெயர் அகராதியில் ஏறாது, அது விதி.
சும்மா வந்து சும்மா போன கப்பலுக்கு
எந்தப் பாஷையும் வாயைத் திறப்பதில்லை.
அதே ராத்திரி, எண்ணெய் டாங்கிக் காவல் துலுக்காணம்
தன் நோட்டில் எழுதியிருக்கிறான்:
விசேஷம் ஏதுமில்லை.

அந்த வருஷம் ஜூலையில்
பெர்லினிலிருந்து வியன்னாவுக்கு ஒரு தந்தி போனதாம்.
"அடி, பின்னால் நாங்கள் இருக்கிறோம்" என்று
எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து,
கடைசியில் ஒற்றைச் சொல்: பொறு.

பொறுத்தார்கள்.
பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம்மவர் சொன்னது
இவ்வளவு அட்சரசுத்தமாக வேறு யாருக்கும் பலித்ததில்லை.
கெய்சர் வீட்டுக்கு ஒரு பங்கு,
லண்டன் வீட்டுக்கு ஒரு பங்கு, நடுவில் கல்யாண சம்பந்தம்.
சண்டை போட்டுக் களைக்காத ராஜ்யம்
சாயங்காலமானாலும் கொட்டாவி விடுவதில்லை.
கோட்டைக் கம்பத்தில் அதே கொடி.
நம் மனு வருஷா வருஷம் கப்பலேறுகிறது,
வருஷா வருஷம் அதே பதில் வந்து இறங்குகிறது.

சண்டை வந்திருக்க வேண்டும் என்றா கேட்கிறேன்?
இல்லை. துலுக்காணம் கருகியிருப்பான்.
இங்கிருந்தும் மூட்டை மூட்டையாகப் பையன்களை ஏற்றியிருப்பார்கள்.
எங்கோ ஒரு ஜெர்மன்காரன் இன்று
மூட்டுவலியோடு ஆப்பிள் பறிக்கிறான்;
பறிக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.
ஆனால் அவன் மூட்டுக்கு
இத்தனை வருஷமாக நாங்கள் ஏன் தைலம் தேய்க்கிறோம்?

கன்னியப்பன், என் தம்பி,
போன மாசம் ராத்திரி இரண்டு மணிக்குக்
கோட்டைச் சுவரேறிக் கொடிக்கயிற்றை அறுத்தான்.
யார் மேலும் ஒரு நகம் படவில்லை.
விடியுமுன் படகில் காசிமேடு.
நாலாம் நாள்தான் பிடித்தார்கள்.
அவனை என்னவென்று சொல்வது?
எத்தன் என்றால் திருட்டு வாடை.
சூரன் என்றால் வேஷம் கட்டி ஆடுகிற மாதிரி இருக்கிறது.
கில்லாடி வெளியூரிலிருந்து வந்தவன்,
இன்னும் பாய் விரிக்கவில்லை.
"இருட்டில் வந்து, குறி தப்பாமல் அடித்து,
சிரித்துக்கொண்டே மறைகிறவன்" என்று
அர்த்தத்தை மட்டும் எழுதினேன்.

மேல்பார்வை தேசிகாச்சாரி சீட்டை இரண்டு பக்கமும் திருப்பினார்.
"தலைச்சொல் எங்கேம்மா?"
"இன்னும் வரவில்லை, சார்."
"வரட்டும், பொறு" என்றார், நல்ல மனசோடுதான்.

ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் ஜெயில்.
வலைக்கு அந்தப் பக்கம் அவன், மொட்டைத் தலை,
பல்லில் ஒன்று குறைவு.
கம்பிக் கண்ணில் ஒரு விரல்தான் நுழையும்.
நுழைத்தான்.
பிடித்துக்கொண்டேன்.